பூண்டு உரிக்க ஓர் ஆள்

எங்கள் குடும்பத்தில் பிள்ளைக்குப் பால் கொடுப்பதா வேண்டாமா, எத்தனை மாதம் கொடுப்பது என்று எந்தத் தாயும் தானாக முடிவு செய்ததில்லை. என் அம்மாவுக்கு மருத்துவச்சி முடிவு செய்தாள். எனக்கு டாக்டரம்மாவும் ஒரு தகர டப்பாவும் சேர்ந்து முடிவு செய்தார்கள். என் மகளுக்குக் கைப்பேசியில் ஒரு செயலி முடிவு செய்தது. எங்கள் மூன்று பேரையும் கேட்டால் "நானாத்தான் கொடுத்தேன்" என்போம். ஓட்டுப் போடுகிறவர்களும் அப்படித்தானே சொல்கிறார்கள்.

அம்மாவின் பிரசவங்கள் 1950களிலும் அதற்குச் சற்றுப் பின்னாலும் தாமிரபரணிக் கரையோரக் கிராமம் ஒன்றில், வீட்டின் பின்கட்டில் நடந்தவை. பிள்ளை பிறந்து வீறிட்டதும் அதன் வாய்க்குள் முதலில் போனது தாய்ப்பால் இல்லை, சேனை. சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைப்பார்கள். யார் வைக்கிறார்களோ அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. ஆகவே சொந்தத்தில் வசதியும் வாய்ச் சாமர்த்தியமும் உள்ள ஆளாகப் பார்த்துக் கூப்பிடுவார்கள். என் அண்ணனுக்குச் சேனை வைத்தவர் ரைஸ்மில் வைத்திருந்த பெரியப்பா. ரைஸ்மில் வரவில்லை. முன்கோபம் மட்டும் பிசகாமல் வந்து சேர்ந்தது.

அடுத்தது சீம்பால். பெற்றவுடன் மார்பில் ஊறும் மஞ்சள் நிறக் கெட்டிப் பால். நோய் எதிர்ப்புப் பொருள்கள் செறிந்திருப்பதால் அதைப் பிள்ளையின் முதல் தடுப்பு மருந்து என்று இன்றைக்கு ஆஸ்பத்திரிச் சுவர்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். மருத்துவச்சி அதைப் பீய்ச்சிக் கீழே விடச் சொன்னாள். பிள்ளைக்குச் செரிக்காதாம், மந்தம் தட்டுமாம். அதே வீட்டுத் தொழுவத்தில் பசு கன்று போட்டால் சீம்பால் ஒரு சொட்டு வீணாகாது. கருப்பட்டியும் ஏலக்காயும் போட்டு அவித்து, துண்டு போட்டு, பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கிண்ணத்தில் போகும். மாட்டின் சீம்பால் மனிதருக்குச் செரிக்கும், மனுஷியின் சீம்பால் மனுஷப் பிள்ளைக்குச் செரிக்காது. இது என்ன கணக்கு என்று அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். "அது மாடுட்டி" என்றாள். அதோடு விவாதம் முடிந்தது.

பால் 'வெளுத்து' வரும்வரை இரண்டு மூன்று நாள் பிள்ளைக்குப் பக்கத்து வீட்டுச் சித்தியின் பால். அந்தச் சித்திக்குக் காய்ச்சல் கண்டபோது அவள் மகனுக்கு எங்கள் அம்மா பால். இதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, பதிவேடு எழுதவில்லை. 1989இல் மும்பை சயான் ஆஸ்பத்திரியில் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கியபோது செய்தித்தாளில் போட்டார்கள். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "வங்கின்னா வட்டி உண்டா?" என்று கேட்டாள். சித்தி மகன் இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் உரிமையோடு முன்வரிசையில் உட்கார்கிறான். வட்டி அதுதான் போலிருக்கிறது.

சேனையும் சீம்பாலும் தொலைந்த பிறகு நடந்தது ஒரு விசித்திரம். முதல் மூன்று நாள் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தவர்கள், அடுத்த மூன்று வருஷத்தை ஒழுங்காகச் செய்தார்கள். அடுத்தது வயிற்றில் தங்கும்வரை பால் கொடுத்தார்கள். கடிகாரம் கிடையாது. அழுதால் கொடுப்பது, அழாவிட்டாலும் மடியில் கிடந்தால் கொடுப்பது. பால் பத்துகிறதா என்ற கேள்வி எழவில்லை. எழுந்தால் பதில் சொல்ல வீட்டில் வேறு சரக்கு இல்லை. கடையில் டப்பா இல்லாத இடத்தில் சந்தேகமும் விலை போகாது.

இன்னொன்றும் உண்டு. பிரசவத் தீட்டு. பெற்றவள் நாற்பது நாள் பின்கட்டைத் தாண்டக் கூடாது, அடுப்பைத் தொடக் கூடாது, தண்ணீர்க் குடத்தைத் தொடக் கூடாது. அவளைத் தள்ளி வைக்க ஏற்படுத்திய வழக்கம் அது. அக்கறையில் பிறந்ததில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். அந்த நாற்பது நாளும் அவளுக்குப் பிள்ளையைத் தவிர வேறு வேலை கிடையாது. ஒருத்தி பத்தியச் சோறு பொங்குவாள், ஒருத்தி துணி அலசுவாள், ஒருத்தி திண்ணையில் உட்கார்ந்து முறம் நிறையப் பூண்டு உரிப்பாள். 1961ஆம் வருஷத்து மகப்பேறு நலச் சட்டம் 12 வாரச் சம்பள விடுப்பைக் கொண்டுவரும் முன்பே, தீட்டு அவளுக்கு நாற்பது நாள் கொடுத்திருந்தது. எங்கள் வயலில் நடவுக்கு வந்தவளுக்கு அந்தத் தீட்டும் வாய்க்கவில்லை. அவள் பிள்ளைக்கு வரப்போரத்து மரத்தில் தூளி. எட்டி நட்டால் கூலி, கரையேறினால் பால்.

அந்தக் காலம் பொற்காலம் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். அம்மா பெற்றது ஏழு, நின்றது நாலு.

எனக்குத் தலைப்பிள்ளை பிறந்தது 1984இல். நான் தொலைபேசி நிலையத்தில் டிரங்க் ஆப்பரேட்டர். படித்தவள், சம்பளக்காரி, ஆகவே பின்கட்டெல்லாம் எனக்கு ஒத்துவராது என்று குடும்பமே கூடிப் பேசி ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். டெட்டால் வாசனையும் வெள்ளைத் திரையும் பார்த்து அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பிள்ளையை ஒருமுறை தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே தொட்டில்கள் வரிசையாக இருந்தன. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துவந்து மடியில் போடுவார்கள், பத்து நிமிஷத்தில் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். டாக்டரம்மா சொன்ன நேரத்தில் பிள்ளை தூங்கும். பிள்ளை அழும் நேரத்தில் கதவு சாத்தியிருக்கும். இடைவேளையில் குளுக்கோஸ் தண்ணீர். சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டு வைத்தால் மூடநம்பிக்கை, பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தால் மருத்துவம்.

மூன்றாம் நாள் தூத்துக்குடியிலிருந்து பெரியம்மை வந்தாள். கையில் பால்சுறா. சுறாப்புட்டு தின்றால் பால் ஊறும் என்பது எங்கள் பக்கத்துச் சாசனம். பிள்ளை விரல் சூப்புவதைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், அறிவித்தாள்:

"எட்டி, உனக்குப் பால் பத்தலட்டி."

தாய்ப்பாலை நிறுத்துவதற்கு உலகத்தில் இதைவிடச் சுருக்கமான மந்திரம் கிடையாது. ஊர் ஊராக, நாடு நாடாகப் பெண்கள் பாதியில் நிறுத்தியதற்குச் சொல்லும் காரணங்களில் முன்னணியில் நிற்பது இதுதான். உண்மையிலேயே பால் போதாத தாய்மார் உண்டு, ஆனால் கொஞ்சம் பேர். மற்றவர்களுக்குப் பத்தாமல் போனது பால் இல்லை, தைரியம். பிறந்த பிள்ளைக்கு முதல் நாள் ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டிச் சீம்பால் போதும். அதன் வயிறு அவ்வளவுதான். சாயங்காலம் ஆனால் சில பிள்ளைகள் விடாமல் சப்பும், விட்டுவிட்டு அழும். அது பசிக் கொடுமை இல்லை, நாளைய பாலுக்கு இன்றைக்கே கொடுக்கும் ஆர்டர். உடம்புக்குத் தெரிந்த பாஷை அது ஒன்றுதான்: எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு சுரக்கும். இறைக்கிற கிணறுதான் ஊறும். நடுவில் ஒரு பாட்டில் புகுந்தால் பிள்ளை அந்த வேளைக்கு இழுக்காது. இழுக்காத பாலை உடம்பு மறுநாள் குறைத்துக்கொள்ளும். பத்து நாளில் பெரியம்மை சொன்னது பலித்துவிடும். பலித்ததும் அவளுக்கு இன்னும் மதிப்புக் கூடும்.

டப்பா வந்தது. அதன் மேல் கன்னம் வழியும் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. அந்த நாளில் ஒரு பிள்ளையைப் பாராட்டுவதென்றால் "அமுல் பேபி மாதிரி இருக்கே" என்பார்கள். எருமைப் பாலிலிருந்து குழந்தைப் பால்மாவு செய்யும் வழியை மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்து, குஜராத் ஆனந்தில் டப்பாவில் அடைத்ததை நாடு ஒரு சாதனையாகத்தான் பார்த்தது. அதுவரை பெரும்பாலும் கப்பலில் வந்த சரக்கு அது, ஆகவே சாதனைதான். எங்கள் வீட்டில் அது அந்தஸ்தாகவும் இருந்தது. டப்பாவை முன்னறை அலமாரியில், வருகிறவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தார் என் மாமனார். "மருமக ஆபீஸ் போறா, பிள்ளைக்கு டின் பால்தான்" என்று தெருவுக்கே சொன்னார். ஒரு டப்பாவின் விலை எனக்கு மூன்று நாள் பஸ் செலவு, காய்கறிச் செலவு. பாதிச் சம்பளக்காரர் வீடுகளில் அதே டப்பாவைப் பதினைந்து நாளுக்கு நீட்ட, கரண்டி குறைத்துத் தண்ணீர் கூட்டிக் கரைத்தார்கள். பிள்ளை மெலிந்தது. மெலிந்த பிள்ளைக்குப் பேதி வந்தால் அது கண்ணேறு.

இந்தக் கதை எங்கள் தெருவோடு முடிகிற கதையும் இல்லை. சிசெலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் 1939இலேயே சிங்கப்பூரில், ரோட்டரி சங்கத்துக் கூட்டத்தில், இப்படிப் பால்மாவைத் தள்ளிவிடுவதைக் கொலை என்றே சொல்லிப் பேசினார். 1981 மே மாதம் உலக சுகாதார மாநாடு, தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களை எப்படி விற்கக் கூடாது என்று ஒரு நெறிமுறையை நிறைவேற்றியது. 118 நாடுகள் ஆதரவு, எதிர்த்து ஒரே ஓட்டு, அமெரிக்கா. ஜெனீவாவிலிருந்து அந்தச் செய்தி எங்கள் நர்சிங் ஹோமுக்கு மூன்று வருஷமாகியும் வந்து சேரவில்லை. டிரங்க் கால் புக் பண்ணியிருந்தால் நானே இணைப்புக் கொடுத்திருப்பேன்.

மத்திய அரசு ஊழியருக்கு அப்போது பேறுகால விடுப்பு 90 நாள். அம்மா அந்த 90 நாளும் எனக்குப் பூண்டு உரித்தாள். குழம்பில் பூண்டு, பாலில் பூண்டு, நல்லெண்ணெயில் வதக்கிய பூண்டு. வெந்தயக் களி, முருங்கைக்கீரை, பெரியம்மை வீட்டுச் சுறா. பூண்டில் பால் ஊறுகிறதோ இல்லையோ, பூண்டு உரிக்க ஒருத்தி பக்கத்தில் இருந்தால் ஊறும் என்பது என் கணிப்பு. நர்சிங் ஹோமும் டப்பாவும் செய்த அனர்த்தத்தைத் தாண்டி, இரண்டாம் மாதம் எனக்குப் பால் கட்டிக்கொள்ளும் அளவுக்கு ஊறியது. டப்பா அலமாரியிலேயே நின்றது. அப்போது பார்த்து விடுப்பு முடிந்தது.

டிரங்க் போர்டு என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. வரிசையாகப் பெண்கள், காதில் ஹெட்செட், முன்னால் நூற்றுக்கணக்கான ஓட்டைகள், கையில் ஒயர். விளக்கு எரிகிற ஓட்டையில் ஒயரைச் செருகி, "நம்பர் ப்ளீஸ்" கேட்டு, இணைத்து, மூன்று நிமிஷம் ஆனதும் குரல் கொடுக்க வேண்டும். வேலைக்குத் திரும்பிய வாரத்தில் ஒருநாள், சென்னைக்கு யாரோ பேசுகிறார்கள். லைனில் காது வைத்தேன். பின்னணியில், எந்த ஊர் எந்த வீடோ, ஒரு கைக்குழந்தை அழுதது. அவ்வளவுதான். என் ரவிக்கை நனைந்துவிட்டது. பிள்ளை அழும் சத்தம் காதில் விழுந்ததும் தாயின் உடம்பில் ஆக்ஸிடோசின் சுரந்து பால் இறங்கும், அது யார் பெற்ற பிள்ளை என்று விசாரிக்காது என்பதெல்லாம் பின்னால் படித்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு "த்ரீ மினிட்ஸ் ஓவர்" என்று சொல்வது மட்டும். பக்கத்து சீட்டு அக்கா பேசாமல் தன் கைக்குட்டையை நான்காக மடித்து நீட்டினாள். நாலு பிள்ளைக்காரி. அதன் பிறகு டியூட்டிக்குக் கிளம்பும்போது சாப்பாட்டு டப்பாவோடு மடித்த கைக்குட்டைகளும் பையில் போகும்.

வீட்டில் பிள்ளைக்கு டப்பா திறந்தாயிற்று. ஆபீசில் எனக்குப் பால் கட்டி, கல்லாகி, கை தூக்க முடியவில்லை. பீய்ச்சி விட இடம்? கக்கூஸ். அம்மா பார்த்தாள். மூன்று மாதம் பால் ஊற வைத்த அதே அம்மா, இப்போது வற்ற வைக்கக் கிளம்பினாள். சந்தைக்குப் போய் மல்லிகைப் பூ வாங்கி, நெருக்கமாகத் தொடுத்து, மார்பில் வைத்துக் கட்டினாள். வாடினால் மாற்றுவாள். இப்படியே சில நாள். ஆபீசில் பெண்கள், "என்ன, பூ வாசம் தூக்கலா இருக்கு, தலையில ஒண்ணையும் காணோம்?" என்று கேட்டார்கள். பாட்டி வைத்தியம் என்று சிரித்துவிடலாம்தான். ஆனால் 1988இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதே மல்லிகையைப் பால் வற்றுவதற்குக் கொடுக்கும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பால் கட்டுவதைத் தணிப்பதில் பூ மாத்திரைக்குச் சளைத்ததில்லை என்று ஆஸ்திரேலிய மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார்கள். அம்மாவிடம் சொன்னேன். "பிச்சிப்பூவையும் பாத்தாவளாமா?" என்றாள்.

டப்பாக்கள் வீணாகவில்லை. கடுகு, புளி, துவரம் பருப்பு என்று வரிசையாக என் அடுக்களையில் நின்றன. பிள்ளைக்குப் பிறகு டப்பாவும் மாறியது. 1992இல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்து, அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பால்மாவுக்கும் பாட்டிலுக்கும் விளம்பரம் செய்யக் கூடாது, ஓசி சாம்பிள் கொடுக்கக் கூடாது, டப்பாவில் குழந்தைப் படமோ தாயின் படமோ போடக் கூடாது. 2003இல் இன்னும் இறுக்கினார்கள். கன்னம் வழிந்த குழந்தை டப்பாவிலிருந்து இறங்கிப் போனது. அதற்குப் பதிலாக, தாய்ப்பாலே குழந்தைக்குச் சிறந்தது என்று பெரிய எழுத்தில் டப்பாவே சொல்கிறது. தன்னை வாங்காதே என்று சொல்லிக்கொண்டே தன்னை விற்கத் தெரிந்த பொருள்கள் நம் நாட்டில் இரண்டு. இன்னொன்று டாஸ்மாக்கில் கிடைக்கும்.

இப்போது மகள் காலம். 2022, சென்னை, பெரிய தனியார் ஆஸ்பத்திரி. லிஃப்டில் ஒரு சுவரொட்டி: பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். மகளுக்கு சிசேரியன். அந்த ஒரு மணி நேரமும் அவள் ஓர் அறையில், பிள்ளை ஓர் அறையில், சுவரொட்டி லிஃப்டில். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வைப் பார்த்தால் தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான், 99.6 சதவீதம். சிசேரியன் 44.9 சதவீதம். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் பிள்ளைகளோ 55 சதவீதம்தான். நாடு முழுவதற்குமான சராசரி 63.7. மருத்துவச்சியை ஒழித்துவிட்டோம், பின்கட்டை ஒழித்துவிட்டோம், பிள்ளைகள் சாவது வெகுவாகக் குறைந்துவிட்டது. அது சின்ன விஷயம் இல்லை, அம்மாவின் நின்ற கணக்கையும் நிற்காத கணக்கையும் கேட்டு வளர்ந்தவளுக்கு அது தெரியும். இந்த ஒரு பாடத்தில் மட்டும் வகுப்பில் முதல் மாணவி பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

பிள்ளையை மகளிடம் கொண்டுவந்து போட்டதும், கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பெண் வந்தார். பாலூட்டல் ஆலோசகராம். எங்கள் காலத்தில் அந்தப் பதவி பெரியம்மைகளிடம் இருந்தது, சம்பளம் கிடையாது. இவர் பிள்ளையின் வாய் எவ்வளவு திறக்க வேண்டும், கருவளையம் எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்று கைப்பட வைத்துக் காட்டினார். 'லாட்ச்' என்றார். சரியாகவே செய்தார், குறை சொல்ல மாட்டேன். பிறகு ஒரு சின்ன எவர்சில்வர் சாமானை எடுத்து, "பாட்டில் வேண்டாம் ஆன்ட்டி, தேவைப்பட்டா பீய்ச்சின பாலை இதில கொடுங்க, பிள்ளைக்கு உறிஞ்சுற பழக்கம் மாறாது" என்று எனக்கு விளக்கினார். பாலாடை. நர்சிங் ஹோமில் 1984இல் எங்கள் வீட்டு வெள்ளிப் பாலாடையைப் பார்த்து, "இதெல்லாம் கிருமி, தூக்கிப் போடுங்க" என்று சொல்லி பாட்டிலைக் கொடுத்தார்கள். அம்மா அதைத் தூக்கிப் போடவில்லை. பச்சிளங்குழந்தை மருத்துவத்தில் இன்று அது அங்கீகரிக்கப்பட்ட கருவி, அதன் பெயரையே இங்கிலீஷ் எழுத்தில் எழுதி ஆராய்ச்சிக் கட்டுரை போடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்தோம். மகளின் கைப்பேசிச் செயலி இடது எத்தனை நிமிஷம், வலது எத்தனை நிமிஷம், எத்தனை ஈரத்துணி என்று கணக்குப் போட்டு வரைபடம் காட்டியது. மின்சாரப் பம்பு ஒன்று வந்து இறங்கியது. ராத்திரி அதைப் போட்டால் 'ஞொய்ங்... ஞொய்ங்...' என்று ஒரே தாளத்தில் முனகும். ஃபீடிங் நைட்டி என்று ஒன்று, மடிப்புக்குள் இரண்டு பக்கமும் ஜிப். வெளியில் பார்த்தால் தெரியாது. புடவைக்காரி முந்தானையில் செய்த வேலைக்கு இப்போது இரண்டு ஜிப்பும் எண்ணூறு ரூபாயும். ஏலக்காய் மணத்தோடு டப்பாவில் சதாவரித் துகள். மூலப்பொருளைப் படித்தேன், தண்ணீர்விட்டான் கிழங்கு. எங்கள் ஊர் நாட்டுமருந்துக் கடைக்காரர் காகிதப் பொட்டலத்தில் கட்டித் தருவார்.

மாப்பிள்ளையின் அம்மா, எங்கள் முறையில் எனக்கு மைனி, பேரனைப் பார்க்க வந்தார். பிள்ளை சாயங்காலம் அழுதது. மைனி என்னைப் பார்த்தார், நான் மைனியைப் பார்த்தேன். அந்தப் பழைய வசனம் அறைக்குள் வந்து நின்றுவிட்டது.

"பால் பத்தலையோ மைனி?" என்றார் மெல்ல.

மகள் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினாள். "இன்னைக்கு ஏழு டயப்பர் நனைச்சிருக்கான் அத்தை. வெயிட்டு போன வாரத்துக்கு இந்த வாரம் கூடியிருக்கு. பத்துது."

மைனி கண்ணாடியைப் போட்டு வரைபடத்தைப் பார்த்தார். பெரியம்மையின் அருள்வாக்கை எதிர்த்து எங்கள் வம்சத்தில் ஒரு தாய் ஆதாரம் காட்டியது அதுவே முதல் முறை. செயலியை நான் கிண்டல் பண்ணுவதை அன்றோடு குறைத்துக்கொண்டேன். மைனியும் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு நிமிஷம் யோசித்தார், "சரி, பூண்ட எடுங்க, உரிச்சு வைப்போம்" என்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளைக்கு ராத்திரி இரண்டு மணி டியூட்டி: பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பம் எடுக்க வைப்பது. என் வீட்டுக்காரர் இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, "எங்க காலத்துல இதெல்லாம் கிடையாது" என்றார். கிடையாது என்பதை ஏதோ சாதனைபோலச் சொன்னார்.

மகளுக்கு 26 வாரம் விடுப்பு. 2017 திருத்தச் சட்டத்தின் புண்ணியம். தமிழக அரசு ஊழியர் என்றால் 2021 ஜூலையிலிருந்து ஓராண்டு. மகளுக்கு விடுப்பு முடிந்ததும் கொஞ்ச நாள் வீட்டிலிருந்தே வேலை. ஆபீசுக்குப் போனபோது அங்கே தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, நாற்காலி, பிளக் பாயிண்ட், ஃப்ரிட்ஜ். பாலை எடுத்துப் பெயர் ஒட்டி வைப்பாள், பக்கத்தில் யாருடைய தயிர்சாதமோ. பேரன் ஒன்றரை வயதுவரை குடித்தான். மகளுக்குத் தாய்ப்பாலின் மகிமை பற்றி என்னைவிட அதிகம் தெரியும் என்பதால் இது நடந்ததாக அவள் தோழிகள் நினைக்கிறார்கள். மகிமை எனக்கும் தெரியும். என் ஆபீசில் தாழ்ப்பாள் போட்ட அறை ஒன்றுதான் இருந்தது, அதை முன்பே சொன்னேன்.

ஊர் சுற்றும்போது மட்டும் திண்டாட்டம். பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைகள் 2015 ஆகஸ்டில் தமிழ்நாடு முழுக்கத் திறக்கப்பட்டன. நல்ல யோசனை, சில இடங்களில் ஃபேன் போட்டு, சுத்தமாகவே இருக்கிறது. ஊருக்குப் போகும் வழியில் நாங்கள் இறங்கிய ஒரு நிலையத்தில் அறைக்குப் பூட்டு. சாவி நேரக்காப்பாளரிடம் என்றார்கள். அவர் டீ குடிக்கப் போயிருந்தார். வந்து திறந்தார். உள்ளே விளக்குமாறுகள், பினாயில் கேன்கள், போன தேர்தலின் தட்டிகள். மகள் பஸ்ஸிலேயே ஏறி உட்கார்ந்தாள். நான் என் முந்தானையின் ஒரு முனையைக் கொடுத்தேன்.

மகள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் பெண்ணுக்கும் பேரனை ஒட்டியே ஒரு பிள்ளை பிறந்தது, அரசு ஆஸ்பத்திரியில். முதல் மணி நேரத்திலேயே பால் கொடுக்க வைத்தார்களாம், நர்ஸ் பக்கத்திலேயே நின்றாராம். அந்த வகையில் அவள் என் மகளைவிட ஒருபடி மேல். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டப் பணமும் தவணை தவணையாக வந்தது. ஆனால் 26 வாரம் என்ற சட்டம் அவள் இருக்கும் திசைக்கே வராது. நாலு வீட்டு வேலை, நாலு முதலாளியம்மா, யாரிடம் விடுப்புக் கேட்பது? ஒரு மாதம் தாண்டினால் வேறு ஆள் வைத்துவிடுவார்கள். வந்துவிட்டாள். பிள்ளை வீட்டில், எட்டு வயது மூத்தவளிடம், பாக்கெட் பாலும் தண்ணீருமாக. மகள் இரக்கப்பட்டுத் தன் பம்பைக் கொடுத்துப் பார்த்தாள். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு அக்கா. எடுத்து வெச்சா, எங்க வெக்கிறது? ஃப்ரிட்ஜு உங்க வீட்லதானே இருக்குது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அந்த ஆகஸ்ட் முதல் வாரம் அடுக்ககச் சங்கத்தில் உலகத் தாய்ப்பால் வாரம் கொண்டாடினார்கள். கிளப் ஹவுசில் பலூன், பேனர், ஒரு டாக்டரின் உரை, படங்கள். தாயை ஊக்கப்படுத்த வேண்டும், குடும்பம் துணை நிற்க வேண்டும், முதலாளிகள் நேரம் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் அழகாகப் பேசினார். கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் என்னைப்போல் பாட்டிகள். நாற்காலி போடவும் காபி கொடுக்கவும் எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணையும் இன்னும் இரண்டு பேரையும் சங்கம் கூப்பிட்டிருந்தது. கடைசியில் டாக்டர், "யாருக்காவது சந்தேகம் இருந்தா தயங்காம கேளுங்க" என்றார்.

பின்னாலிருந்து இவள்தான் கை தூக்கினாள். எல்லோரும் திரும்பினார்கள். டாக்டர் முகம் மலர்ந்து, "வெரி குட், கேளும்மா" என்றார்.

"இது எத்தனை மணிக்கு முடியும் மேடம்? புள்ளைக்குப் பால் குடுக்கப் போவணும், மார் கட்டிக்கினு வலிக்குது."

டாக்டர் சங்கச் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் நன்றியுரை ஒண்ணுதான்மா பாக்கி. சமோசாவைக் கொடுத்து முடிச்சிட்டுக் கிளம்பு."